"கெனன்தானே, எல்லாத்துக்கும் போகும்" என்று விற்பவர்களுக்கு



ஊர்க் குழுமங்களில் பாவித்த லென்ஸ் விற்கின்ற நானாமாருக்கும் அதை நம்பி வாங்கப் போகின்ற தம்பிமாருக்கும்தான் இது. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

"கெனன் 50எம்எம், நல்ல கண்டிஷன், இன்பொக்ஸ் வாங்க." விளம்பரம் இவ்வளவுதான். எந்த மவுண்ட் என்று கேட்டால், "கெனன்தானே, எல்லாத்துக்கும் போகும்" என்று பதில் வருகிறது.

போகாது நானா. கெனன் என்பது கம்பனியின் பெயர், மவுண்டின் பெயரல்ல. 1987இல் ஈஎஃப், 2003இல் ஈஎஃப்-எஸ், 2012இல் ஈஎஃப்-எம், 2018இல் ஆர்எஃப் என்று கெனனிலேயே இன்று நான்கு வகை கைமாறுகின்றன. ஈஎஃப் லென்ஸுக்கு மவுண்டிலிருந்து சென்சர் வரை 44 மில்லிமீற்றர் தூரம் தேவை. ஆர்எஃப் கெமராவில் இருப்பது 20. மிச்சம் 24ஐ ஓர் அடப்டர் நிரப்பும், ஒட்டோ ஃபோகஸும் வேலை செய்யும். மறுபக்கம் நடக்காது. 20க்குச் செய்த லென்ஸை 44 உள்ள 700டீயில் எப்படிக் கிட்டக் கொண்டு போவது? "அடப்டர் இருக்கு" என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

நிக்கொன் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே லென்ஸ் அழகாகப் பூட்டுப்படும். எங்கள் ஊடகக் கழகத்தில் இருந்த ஒரு பிள்ளை, பாடசாலையை விட்ட பிறகு உம்மாவின் காப்பை அடகு வைத்து 50எம்எம் 1.8டீ லென்ஸ் ஒன்று வாங்கினான். அவனுடைய கெமரா டீ3500. அதற்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸுக்குள்ளும் இல்லை. முதல் வலீமாவில் பாதிப் படம் மங்கல். அவனுக்குத் தேவைப்பட்டது ஏஎஃப்-எஸ் 1.8ஜீ. பெயரில் வித்தியாசம் ஓரிரு எழுத்துத்தான். திருப்பிக் கொண்டு போனால், "லென்ஸ்ல பிழையில்ல, நீங்கதான் கேட்டு எடுத்திருக்கணும்" என்றாராம் விற்றவர்.

லென்ஸில் பிழையில்லை, உண்மை. ஆனால் விற்கும்போது அந்தப் பிள்ளையின் கழுத்தில் டீ3500 தொங்கியதை அவர் பார்க்கவில்லையா? தராசில் 50 கிராம் குறைந்தால் கடைக்கு முன்னால் நின்று சத்தம் போடுகிறோம். இதை மட்டும் "வியாபாரத் திறமை" என்கிறோம். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! வாங்குபவனுக்கு உதவாது என்று தெரிந்துகொண்டே வாய் மூடி இருப்பது வேறென்ன?

சிக்மா, டெம்ரொன், யொங்னுவோ என்று மலிவான மாற்று லென்ஸ் தேடுபவர்கள் இன்னும் கவனம். ஒரே லென்ஸைக் கெனனுக்கு ஒன்று, நிக்கொனுக்கு ஒன்று என்று வெவ்வேறு மவுண்டில் செய்கிறார்கள். "சிக்மா லென்ஸ்" என்று மட்டும் போட்டால் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே நானாமாரே, மவுண்டின் பெயரை எழுதுங்கள், லென்ஸின் பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். அட்மின்மார், இது இல்லாத விளம்பரத்தை அனுமதிக்க வேண்டாம். தம்பிமாரே, சொந்தக் கெமராவைக் கொண்டுபோய்ப் பூட்டி, ஒட்டோ ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கெனன் ஈஎஃப் லென்ஸில் சிவப்புப் புள்ளி இருக்கும், ஈஎஃப்-எஸ்ஸில் வெள்ளைச் சதுரம். 6டீ வைத்திருப்பவர் வெள்ளைச் சதுரத்தைக் கண்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.