சொன்னால் போதுமா?

"எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறதே!" காரியாலயங்களில் அடிக்கடி காதில் விழும் அங்கலாய்ப்பு இது. நாற்பத்தைந்து வயதில் புதிதாகக் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு வரும்படி பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்படும் பெண்மணிக்குத்தான் இதன் வலி தெரியும். காலை முதல் மாலை வரை யாரோ ஒருவர் திரையில் படம் காட்டிப் பிரசங்கம் செய்வார். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும். பக்கத்துச் சின்னப் பெண்ணைக் கேட்கவோ கூச்சம். 'நமக்கு வயதாகிவிட்டது' என்று தன் மீதே பழியைப் போட்டுக்கொள்வாள், பாவம்!

பழி அவள் மீதுதானா? இந்தக் கேள்விக்கு ஒரு நெருக்கடியான சமயத்தில் அமெரிக்கா விடை தேட வேண்டி வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, அதுவரை ஆலை வாசலையே மிதித்திராத பெண்கள் லட்சக்கணக்கில் யந்திரங்களின் முன் வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் வேலை பழக்கியாக வேண்டும். 1940-ல் அரசாங்கம் தொடங்கிய 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் என்ன செய்தது தெரியுமா? கற்கிறவர்களை விட்டுவிட்டு, கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிகளைப் பிடித்து உட்கார வைத்தது! சுமார் பத்துப் பேருக்கு ஒரு வகுப்பு. இரண்டிரண்டு மணியாக ஐந்து தடவை. மொத்தம் 10 மணி நேரம்.

முதல் வகுப்பிலேயே ஒரு வேடிக்கை நடக்கும். மின்சார விளக்கின் ஒயரை இழுத்தாலும் உள்ளே இணைப்பு விட்டுப் போகாமலிருக்க அதில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஆசிரியர் ஒருவரை அழைத்து, அந்த முடிச்சைப் போடும் விதத்தை வாயால் மட்டும் விவரிப்பார். "எங்கே, போடுங்கள்" என்றால் அவர் திருதிருவென்று விழிப்பார். இன்னொருவருக்கு, ஒன்றும் சொல்லாமல் போட்டு மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. இத்தனைக்கும் எல்லோரும் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்!

அதன் பிறகுதான் நான்கு படிகள் வரும்.

முதலாவது, கற்பவரின் பயத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரிப்பது. வயது வந்தவர் வெறும் சிலேட்டல்லவே! அவரைச் சரியான இடத்தில் நிற்க வைப்பதும் இதில் சேர்த்தி. எதிரே நின்று பார்த்தால் கோலம்கூடத் தலைகீழாகத்தானே தெரிகிறது?

இரண்டாவது, வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சொல்லியும் செய்தும் காட்டுவது. எங்கே தவறினால் காரியம் கெடும், எங்கே கையில் காயம் படும் என்பதை அழுத்திச் சொல்வது. தாங்கும் அளவுக்கு மேல் திணிக்கக் கூடாது.

மூன்றாவது, அவர் கையாலேயே செய்யவிட்டு, தவறை அங்கேயே திருத்துவது. மறுபடி செய்யும்போது, முக்கியமான இடங்களை அவர் வாயாலேயே விளக்கச் சொல்வது.

நான்காவது, தனியே வேலை செய்யவிட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்று காட்டிவிடுவது. முதலில் அடிக்கடி வந்து பார்த்து, பழகப் பழக அதைக் குறைத்துக்கொள்வது.

வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மேஸ்திரியும் தம் ஆலை வேலை ஒன்றைக் கொண்டுவந்து, மற்றவர்கள் முன்னிலையில் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பதே அவர்களுடைய தாரக மந்திரம். 1945-ல் திட்டம் முடிவதற்குள் இது 16,000க்கு மேற்பட்ட ஆலைகளில் பரவிவிட்டது. போருக்குப் பின் ஜப்பானுக்கும் போயிற்று.

இன்றைய பயிற்சி வகுப்புகளில் பல, இரண்டாவது படியில் பாதியோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதுக்கு நேரமில்லை, நான்காவது நினைவிலேயே இல்லை. வகுப்பு நடத்தும் பொறுப்பு உங்களுடையதானால், பேச்சைப் பாதியாக்கி, அந்த நேரத்தைக் கற்பவர்களின் கைக்குக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் மேஜைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

கற்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், "ஒரு தடவை நானே செய்து பார்க்கிறேன், பக்கத்தில் இருங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?