மகளிர் தொழில் மாநாடு: மேடை சுருங்கட்டும், மேசை பெருகட்டும்

மார்ச் மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் மகளிர் தொழில்முனைவோர் மாநாடுகள் அடுத்தடுத்து நடக்கின்றன. மகளிர் தினத்தை ஒட்டி வணிகச் சங்கங்களும் கல்லூரிகளும் வங்கிகளும் அரசுத் துறைகளும் இவற்றை நடத்துகின்றன. ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்பவர், திருப்பூரில் பத்துத் தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் எடுப்பவர், மதுரையில் வீட்டு மாடியில் ஆரி ஒர்க் செய்பவர் என்று பலரும் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு, கட்டணம் கட்டி, பஸ் ஏறி வருகிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரைகள், பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி, ஒரு தன்னம்பிக்கைச் சொற்பொழிவு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பதற்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் நேரம்தான் மிஞ்சுகிறது.

அந்தக் கேள்விக்காகத்தான் மாநாடே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம், நம் பெண்களின் தொழில் பெரும்பாலும் தனி ஆளின் தொழில். 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் நடத்திய நிறுவனங்கள் சுமார் 80.5 லட்சம். மொத்த நிறுவனங்களில் இது 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அவற்றில் அதிகப் பங்கு, ஏறத்தாழ 13.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் இருந்தது. நாம் பெருமைப்படலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் சுமார் 83 விழுக்காடு, சம்பளத்துக்கு ஓர் ஆள்கூட வைக்காதவை. வாங்குவதும் செய்வதும் விற்பதும் கணக்கு எழுதுவதும் ஒரே பெண்தான். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அவருக்குப் பக்கத்தில் யாருமில்லை.

கடைவீதியில் தொழில் செய்யும் ஆணுக்குத் தகவல் நடக்கிற வழியிலேயே கிடைத்துவிடுகிறது. நூல் விலை இறங்கியது டீக்கடையில் தெரிகிறது. எந்தக் கம்பெனி பில்லுக்கு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் என்பது சங்கக் கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது காதில் விழுகிறது. பெண்ணுக்கு இந்த வாய்ப்பு குறைவு. முறையாகக் கூடும் வணிக அமைப்புகளும் அவருடைய நேரத்தைக் கணக்கில் வைத்து உருவானவை அல்ல. அமெரிக்காவில் 1985இல் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ அமைப்புக்கு இன்று கோவை, சென்னை போன்ற நகரங்களில் பல கிளைகள் உண்டு. வாரம் தவறாமல், பெரும்பாலும் காலை வேளையில் கூடி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களைப் பரிந்துரைக்கிறார்கள். அந்த ஒழுங்கு பலன் தருகிறது. ஆனால் காலை ஏழு மணி என்பது பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். சங்கக் கூட்டங்கள் நடக்கும் இரவு ஏழு மணி, அடுப்படி வேலை நேரம். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாதவரை இந்த இரண்டு நேரங்களும் அவருக்கு அடைபட்டவை. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரு மாநாட்டு நாளை உரைகளுக்குக் கொடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உரைகளைக் குறைத்துவிட்டு, பேசுங்கள் என்று ஒரு மண்டபத்தில் விட்டுவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் நூறு வணிக நிர்வாகிகள் கலந்துகொண்ட மாலைச் சந்திப்பு ஒன்றில், யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் மின்னணு அட்டைகளை அவர்களுக்கு அணிவித்தார்கள். புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று வருவதற்கு முன்பு சொன்னவர்கள், வந்த பிறகு ஏற்கெனவே தெரிந்தவர்களைத்தான் அதிகம் நாடினார்கள். பெரிய பதவிகளில் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், முதன்முறையாக ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் நுழையும் பெண், கூட வந்த சொந்தக்காரப் பெண்ணின் கையை விடாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவதில் வியப்பில்லை.

அதற்காக அவரைத் தனியாக வரச் சொல்லவும் மாட்டேன். அகமதாபாத்தில் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்து எரிக்கா ஃபீல்ட், சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நட்டாலியா ரிகோல் ஆகியோர் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. சிலரைத் தனியாகவும் சிலரை ஒரு தோழியோடும் அழைத்தார்கள். பயிற்சியும் பாடமும் ஒன்றுதான். ஆனால் தோழியோடு வந்தவர்களுக்கு மட்டுமே தெளிவான பலன் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் அதிகம் பேர் தொழிலுக்குக் கடன் வாங்கியிருந்தார்கள், குடும்ப வருமானமும் கூடியிருந்தது. வெளியே போய்வரக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களிலிருந்து வந்த பெண்களிடம் இந்தப் பலன் இன்னும் அதிகம். ஆகவே தோழியோடு வாருங்கள்; உள்ளே வந்தபின் ஆளுக்கொரு மேசையில் உட்காருங்கள். மாலையில் திரும்பும்போது இருவர் கேட்டதும் ஒன்று சேரும். மறுநாள் வீட்டு வேலைகளில் அமிழ்ந்துபோகும் தீர்மானத்தை நினைவூட்ட ஓர் ஆளும் இருப்பார்.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சீனாவின் நான்சாங் நகரில் நடந்த ஆய்வு. ஜிங் சாய், ஆடம் சைடல் இருவரும் 2018இல் அதை வெளியிட்டார்கள். தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 2,800க்கும் மேற்பட்ட நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சுமார் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருமுறை, ஓராண்டுக் காலம் கூடியது. ஒருவர் தொழிலிடத்துக்கு மற்றவர்கள் போய்ப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். கூடாத நிறுவனங்களோடு ஒப்பிடும்போது கூடியவற்றின் விற்பனை வருவாய் 8.1 விழுக்காடு உயர்ந்தது. லாபமும் பெற்ற கடனும் வாங்குவோர் விற்போர் தொடர்புகளும் கூடின. கூட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. ஒரே ஒருமுறை நடந்த சந்திப்புகளையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து கூடியவர்களிடையேதான் அதிக வணிக உறவுகள் உருவாகியிருந்தன.

அந்த ஆய்வு பெண்களுக்கென்று செய்யப்பட்டதல்ல, நம் ஊரிலும் நடந்ததல்ல. ஆனாலும் அது சொல்வது நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முதல் சந்திப்பில் யாரும் யாருக்கும் ஆர்டர் கொடுப்பதில்லை. சரக்கு சொன்ன தேதிக்கு வருமா, சாம்பிளில் இருந்த தரம் ஆயிரமாவது பாக்கெட்டிலும் இருக்குமா என்பது நான்கைந்து முறை பார்த்துப் பழகிய பிறகே தெரியும். ஒரு நாள் மாநாடு அறிமுகம் தரும். நம்பிக்கை வளர மாதங்கள் ஆகும்.

இன்னொன்றையும் அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். போட்டியாளர் அல்லாதவர்களிடையே தகவல் தாராளமாகப் பரவியது. சத்துமாவு செய்யும் பெண் இன்னொரு சத்துமாவுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் விலையைச் சொல்லத் தயங்குவார்கள். அட்டைப்பெட்டி செய்பவர், கேன்டீன் கான்டிராக்ட் எடுப்பவர், ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நான்கு விஷயம் வெளியே வரும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973லேயே இதைச் சொன்னார்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்தே வரும்.

அப்படி வரும் செய்தி மேடையில் கிடைக்காது. ஓர் எடுத்துக்காட்டு. நடுவண் அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். சட்டத்தை ஓர் அதிகாரி பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். எந்தக் கம்பெனி ஒழுங்காகக் கொடுக்கிறது, புகார் எழுதினால் அடுத்த ஆர்டர் நிற்குமா, எழுதாமலே எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே சரக்குப் போட்ட இன்னொரு பெண்தான் சொல்ல முடியும். நாலு பேர் இருக்கும் இடத்தில், நம்பிக்கை வந்த பிறகு சொல்வார். ஐநூறு பேர் அரங்கில் சொல்லவே மாட்டார்.

சிறு குழுவாகக் கூடுவது நமக்குப் புதிதல்ல. சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், சிறு வியாபாரம் செய்த ஏழைப் பெண்களை அக்கம்பக்கத்துக் குழுக்களாகச் சேர்த்துத்தான் கடன் வாங்கிக் கொடுத்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின. கூடுவதும் கணக்கு எழுதுவதும் ஒருவர் தவறினால் மற்றவர் கேட்பதும் நம் பெண்களுக்குக் கைவந்த பழக்கம். சேமிப்புக்கும் கடனுக்கும் பயன்பட்ட அந்தப் பழக்கத்தைச் சந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். மாநாடு அதற்கு ஆள் சேர்க்கும் இடமாக இருக்கட்டும்.

நடத்துபவர்கள் முதலில் வாங்குபவர்களை அழைத்து வர வேண்டும். நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 3 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களிடமிருந்து வாங்கவேண்டும் என்று 2018இல் சேர்த்தார்கள். அறிவித்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அந்த 3 விழுக்காட்டை எட்ட முடியவில்லை. திருச்சியில் பெல், நெய்வேலியில் என்எல்சி, சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று வாங்க வேண்டிய கடமை உள்ளவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கொள்முதல் அதிகாரியை மாலை போட்டு மேடையில் உட்கார வைக்காமல், கீழே ஒரு மேசையில் உட்கார வைத்து, முன்பதிவு செய்த இருபது பெண்களோடு தலைக்குப் பத்து நிமிடம் பேச வையுங்கள். கையுறையோ சீருடையோ கேன்டீன் பொருளோ என்ன வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் எப்படிப் பதிய வேண்டும் என்று அவர் சொன்னாலே அந்த நாள் வீண் போகாது.

மாநாடு நடத்தும் மாதத்தையும் மாற்றிப் பார்க்கலாம். மார்ச் என்பது ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். வங்கி மேலாளருக்கு நேரமில்லை, வீட்டில் பிள்ளைகளுக்குத் தேர்வு. தீபாவளிக்கான பரிசுப் பெட்டி, பலகாரம், துணி ஆர்டர்களை நிறுவனங்கள் முடிவு செய்வதற்கு முன், ஆடி, ஆவணியில் கூட்டம் நடந்தால் கையோடு வியாபாரம் பேசலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி, மாலை ஐந்துக்குள் முடிப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, நினைவுப் பரிசுகளுக்கு ஆகும் செலவை மீறாது.

வருகிற பெண்களிடமும் சொல்ல வேண்டியவை உண்டு. 'எல்லா ஆர்டரும் எடுப்பேன்' என்று சொல்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. 'மாதம் இருநூறு கிலோ வரை ஊறுகாய் போட முடியும், கண்ணாடி பாட்டில் விலை குறைவாகக் கிடைக்கும் இடம் தேடுகிறேன்' என்று சொன்னால் கேட்டவருக்கு உடனே ஓர் ஆள் ஞாபகம் வருவார். சாம்பிளோடு மொத்த விலைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வேண்டும். கார்டு வாங்கிய கையோடு அதன் பின்னால் அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் போனில் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்புவதால் தொழில் உறவு வளராது.

ஓர் எச்சரிக்கையையும் கண்டிப்போடு சொல்கிறேன். இத்தகைய கூட்டங்களில் ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வலை விரிப்பவர்கள் நுழைகிறார்கள். 'சிறந்த பெண் தொழில்முனைவோர்' விருதுக்குப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களும் வருகிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த முதலை ஒரு கேடயத்துக்காகக் கொடுக்காதீர்கள். பணம் கேட்கும் விருது விருதே ஆகாது. அதை மண்டபத்துக்குள் அனுமதிக்கும் அமைப்பாளரும் அந்தத் தவறில் பங்காளிதான்.

சங்கங்களுக்கும் மாவட்டத் தொழில் மையங்களுக்கும் என் வேண்டுகோள் இது. மாநாட்டுக்கு வரும் பெண்களை அன்றைக்கே பத்துப் பேராக, வேறு வேறு தொழில் செய்பவர்களாகவும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகவும் பார்த்துச் சேருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறித்து, ஓராண்டுக்கு மாதக் கூட்டம் நடத்த ஓர் இடம் கொடுங்கள். சுய உதவிக் குழுப் பொருள்களை விற்கும் பூமாலை வணிக வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் போதும். அடுத்த மாநாட்டு மேடையில் முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி, அந்தக் குழுக்கள் தங்களுக்குள் எத்தனை ஆர்டர் கொடுத்து வாங்கின, எத்தனை பாக்கி வசூலாயிற்று என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.