துப்பாக்கியும் கத்தரிக்கோலும்

“என்னம்மா, முதுகலை படிக்கிற பிள்ளை கையிலே வைத்திருக்கிற புத்தகமா இது?” என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் சென்ற பருவத்தில் என் மேசைமேல் இருந்த நாவலைப் பார்த்துக் கேட்டார். குரலில் கடுமை இல்லை, கேலிதான் இருந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்கும் பெரியவரிடம் 30 ரூபாய்க்கு வாங்கிய ஆங்கில நாவல் அது. அட்டையில் கட்டுமஸ்தான ஓர் இளைஞன். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. பின்னால் ஒரு வீடு எரிகிறது. அன்று வகுப்பில் சொல்ல வாய் வராத பதிலை, இந்த ஆண்டு மலரில் கிடைத்த இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

இவ்வகைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய சந்தையே உண்டு. 1908-இல் லண்டனில் தோன்றிய மில்ஸ் அண்டு பூன் நிறுவனத்தை, 1949-இல் கனடாவின் வினிபெக் நகரில் தோன்றிய ஹார்லெக்வின் 1971-இல் வாங்கிக்கொண்டது. பெரும்பாலும் காதல் கதைகளை அச்சிட்டு விற்றுவந்த ஹார்லெக்வின், 1984-இல் காதலோடு கொலையும் கடத்தலும் மர்மமும் கலந்த ‘இன்ட்ரீக்’ என்ற தனி வரிசையைத் தொடங்கியது. காதலுக்கு ரமணிசந்திரன், குற்றத்துக்கு ராஜேஷ்குமார் என்று நம் வீடுகளில் தனித்தனியே வாங்கியதை அவர்கள் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டார்கள் எனலாம். அந்தப் பொட்டலத்தில் சலிக்காமல் விலைபோகும் சரக்குகளில் ஒன்று, எதிர்பாராமல் வந்து சேரும் குழந்தை.

கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். காவல் துறையிலோ படையிலோ இருக்கும் கதைத் தலைவன். பிரிந்து போன பழைய காதலி. அவளுக்கு ஒரு குழந்தை. அது தன் குழந்தை என்பது அவனுக்குத் தெரியாது. குழந்தையை யாரோ கடத்துகிறார்கள், அல்லது தாயைக் கொல்லத் துரத்துகிறார்கள். வேறு வழியின்றி அவள் அவனிடம் ஓடி வருகிறாள். மழை, மலைமேல் தனி வீடு, துரத்தும் கார், தோளில் பாயும் ஒரு குண்டு (தோளில்தான் பாயும், உயிர் போகாது). முடிவில் வில்லன் மாள்கிறான், தந்தை தந்தையாகிறான், திருமணம் நடக்கிறது. மேலைநாட்டார் இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கக் குட்டியின் வாயைப் பிளந்து பல்லை எண்ணும் சிறுவனைத் தன் மகன் என்று அறியாமலே பார்த்து மயங்கி நின்ற துஷ்யந்தனைக் காளிதாசன் எப்போதோ நமக்குக் காட்டிவிட்டான்.

இதையெல்லாம் நான் ஏன் படிக்கிறேன்? அதற்கு என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் இளங்கலை முதலாண்டில் இருந்தபோது என் அக்கா காய்ச்சலில் இறந்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தையை விட்டுப் போனாள். கருமாதி முடிந்ததும் அத்தான் வேலைக்குத் திரும்பினார். சில மாதம் பணம் அனுப்பினார், பிறகு அதுவும் நின்றது. அம்மாவுக்குத் தையல்தான் பிழைப்பு. கண் பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. ஆக, பதினெட்டு வயதில், கேட்காமலே, என் மடியில் ஒரு குழந்தை. அந்த வாரம் முழுவதும் நான் அழவில்லை. பயந்துகொண்டிருந்தேன். கிணற்றைப் பார்த்தால் பயம். சுவரிலிருந்த மின் இணைப்பைப் பார்த்தால் பயம். தெருவில் பேருந்து போனால் அதன் சக்கரத்தைப் பார்த்துப் பயம். உலகத்திலுள்ள பொருள்களெல்லாம் ஒரே இரவில் எனக்கு எதிரியாகிவிட்டன. அந்த நாள்களில்தான் தோழி ஒருத்தி இப்படி ஒரு நாவலைக் கொடுத்தாள். நடு இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்பது வாட் விளக்கின் கீழ் நின்றபடியே படித்தேன். அதில் ஒருத்தி குழந்தையோடு இருட்டில் ஓடுகிறாள். ‘அடியே, நீயும் என்னைப் போலத்தானா!’ என்று இருந்தது.

எனவே முதல் வாதம். இந்தக் கதைகளில் வரும் அச்சம் பொய்யல்ல. துப்பாக்கி பொய்யாக இருக்கலாம், கடத்தல்காரன் பொய்யாக இருக்கலாம். ஆனால் திடீரென்று ஒரு சின்ன உயிருக்குப் பொறுப்பானவளின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல அந்த எழுத்தாளர்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை துப்பாக்கிதான். உயர்ந்த இலக்கியம் என்று நாம் பாடமாகப் படிப்பவற்றில் எத்தனையோ நூல்கள் அந்த அச்சத்தைத் தொடுவதே இல்லை. குப்பை என்று ஒதுக்குமுன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

பொய் இருப்பது வேறிடத்தில். அட்டைப் படத்தை என் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “தலைக்குக் கை கொடுக்காமத் தூக்கியிருக்கான் பாரு, கழுத்து சுளுக்கிக்கும்” என்றார். துப்பாக்கியை அவர் கவனிக்கவே இல்லை. இந்த நாவல்களைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அந்தத் தலைவன் குழந்தைக்காகக் குண்டைத் தாங்குவான். கழுத்தைத் தாங்கத் தெரியாது. ஓர் இரவுச் சாகசம் அவனைத் தந்தையாக்கிவிடுகிறது. தொண்ணூறு இரவு கண்விழிக்க வேண்டிய இடத்தில் எழுத்தாளர் ஒரு தோட்டாவைச் செலவழித்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’, 1861. அதில் மர்மம் இல்லையா? இருக்கிறது. நெசவாளி சைலஸ் சேர்த்துவைத்த 272 பவுண்டுக்கு மேற்பட்ட பொன் திருடு போகிறது. பனியில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவள் குழந்தை தவழ்ந்து வந்து சைலஸின் அடுப்பங்கரையில் படுத்துக்கொள்கிறது. ஊர்ப் பெரிய வீட்டு மகன் காட்ஃப்ரே, அது தன் ரகசிய மனைவிக்குப் பிறந்த தன் குழந்தை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்கிறான். ‘இன்ட்ரீக்’ வரிசைக்கு வேண்டிய சாமான் அத்தனையும் உண்டு. ஆனால் குழந்தை வளரும் பகுதியில் எலியட் காட்டும் அபாயம் எது தெரியுமா? ஒரு கத்தரிக்கோல்! குழந்தை ஓடிவிடக் கூடாதே என்று சைலஸ் அதை ஒரு துணிப் பட்டையால் தறியோடு கட்டி வைக்கிறான். அது கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. கல் குழியில் விழுந்திருக்குமோ என்று அவன் பதைத்துத் தேடுகிறான். கண்டுபிடித்த பிறகு தண்டிக்க வேண்டுமென்று கரி வைக்கும் அறையில் கொஞ்ச நேரம் அடைக்கிறான். அது அதையே விளையாட்டாக்கிக்கொள்கிறது. அன்றோடு தண்டனை என்ற யோசனையையே விட்டுவிடுகிறான்.

வகுப்பில் இந்தப் பகுதி நடந்தபோது எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. எங்கள் வீட்டிலும் தையல் கத்தரிக்கோல் உண்டு. மூன்று வயதில் இவள் அதை எடுத்து, யாரோ வாடிக்கைக்காரரின் பட்டு ரவிக்கையை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலோடு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். மறுநாள் எனக்குத் தேர்வு. வெளியே இழுத்து முதுகில் அடித்தேன். சைலஸ் என்னைவிட நல்லவன். ஐந்து விரலும் பதிந்திருந்தன. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த இரவுக்கு எந்த வில்லன் வேண்டும்?

பதினாறு ஆண்டு கழித்துக் காட்ஃப்ரே வருகிறான், மகளைக் கேட்கிறான். சொத்து தருகிறேன், பெரிய வீட்டுப் பெண்ணாக்குகிறேன் என்கிறான். எப்பி மறுத்துவிடுகிறாள். ரகசியக் குழந்தையின் தகப்பன் கதவைத் தட்டும் காட்சி ஹார்லெக்வினில் இன்பமான திருப்பம். எலியட்டில் அதுவே அவனுக்குத் தண்டனை.

அப்படியானால் காதலும் கொலையும் கலந்த கதையில் உண்மையான பெற்றோரைக் காட்டவே முடியாதா? முடியும். மேரி ஸ்டூவர்ட் காட்டியிருக்கிறார். அவர் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர் என்பதை எங்கள் பேராசிரியர் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். 1958-இல் வந்த அவருடைய ‘நைன் கோச்சஸ் வெயிட்டிங்’, தலைப்பையே ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடகம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட நாவல். அநாதை இல்லத்தில் வளர்ந்த லிண்டா மார்ட்டின், பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஒரு கோட்டை வீட்டுக்கு ஆசிரியையாகப் போகிறாள். அவளிடம் ஒப்படைக்கப்படும் ஃபிலிப்புக்கு ஒன்பது வயது. பெற்றோர் இல்லை. சொத்தெல்லாம் அவன் பெயரில், நிர்வாகம் சிற்றப்பன் கையில். காட்டில் ஒரு குண்டு பறந்து வருகிறது. மேல்மாடக் கைப்பிடி தளர்ந்து நிற்கிறது. யாரோ சிறுவனைக் கொல்லப் பார்க்கிறார்கள்.

இதுவரை பழகிய பாதைதான். லிண்டா அந்தச் சிற்றப்பனின் மகன் ராவுலைக் காதலிக்கிறாள். சதியில் அவனுக்கும் பங்குண்டா? அவளுக்குத் தெரியாது. அவன் நல்லவன் என்றே மனம் சொல்கிறது. ஆனாலும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிறுவனைக் கூட்டிக்கொண்டு இரவில் ஓடுகிறாள். பணயம் தன் உயிர் என்றால் அவனை நம்பியிருப்பாள். பணயம் குழந்தையின் உயிர். இன்னொருவன் உயிரை வைத்துத் தன் காதலைச் சோதிக்க அவளுக்கு உரிமை இல்லை. அதற்குமுன் நடந்தவை என்ன? இரவுதோறும் சிறுவனுக்குச் சாக்லெட் பானம் கலக்கிக் கொடுத்தாள், உலாவ அழைத்துப் போனாள், பாடம் சொன்னாள். தாய்மை அங்கேயே உண்டாகிவிட்டது. துப்பாக்கி பிறகு வந்து அதைச் சோதித்தது, அவ்வளவுதான். வரிசை இப்படி இருந்தால் கதை உண்மையாகிறது. மற்றவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

டாஃப்னி டூ மாரியரின் ‘ரெபெக்கா’ (1938) பற்றியும் ஒரு வார்த்தை. அதில் துப்பாக்கியை வெடிக்க வைப்பதே குழந்தைதான். வேறொருவன் குழந்தையைச் சுமப்பதாக ரெபெக்கா கணவனிடம் சொல்கிறாள். அவன் சுட்டுவிடுகிறான். பிறகு தெரிகிறது, குழந்தையே இல்லை, அவளுக்குப் புற்றுநோய். இரண்டு ஆண்டில் வந்த ஹிட்ச்காக் படத்தில் கணவன் சுடவில்லை, அவள் தவறி விழுந்து இறந்தாள் என்று மாற்றிவிட்டார்கள். படத்தைத்தான் நம் தோழிகள் பலர் பார்த்திருக்கிறார்கள். நாவலைப் படிக்கச் சொல்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு அத்தான் வந்தார். மறுமணம் செய்துகொண்டிருக்கிறார். கையில் பிஸ்கட் பொட்டலமும் சாவி கொடுத்தால் ஓடும் காரும். குழந்தை என் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “வாம்மா, அப்பாடா” என்றார். அவர் குரல் நடுங்கியது. அவர் வில்லன் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். நாவலாக இருந்தால் அவர் ஒன்று நாயகனாக இருக்க வேண்டும், இல்லை கொலைகாரனாக இருக்க வேண்டும். இவரோ மனைவியைப் பறிகொடுத்து, குழந்தையைப் பார்க்கப் பயந்து, நாலு வருடம் கழித்து வெட்கத்தோடு வந்து நிற்கிற மனிதர். “மே மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தே” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். சித்தி என்ற சொல்லே அந்த வரிசையில் இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். குழந்தையின் நலனே முதன்மை என்றும் சட்டம் சொல்கிறது. நலன் எங்கே இருக்கிறது? அம்மா “போடி, மனுவாவது மண்ணாவது, பெத்தவன் கேட்கிறான்” என்கிறார். பிறகு எழுந்து போய்த் தையல் இயந்திரத்தை மிதிக்கிறார், ஊசியில் நூல் இல்லாமலே.

லிண்டாவுக்கு ஓட மலை இருந்தது, காடு இருந்தது. எனக்கு ஏப்ரலில் பருவத் தேர்வு இருக்கிறது. அந்த 30 ரூபாய் நாவலின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் கிடந்தது. அதில் அவருக்குச் சொல்லவேண்டியவற்றைக் குறித்துவருகிறேன். அனுப்பத்தான் போகிறேனா என்று முடிவு செய்யவில்லை. முட்டை வெள்ளைக்கரு ஒத்துக்கொள்ளாது, சொறி கிளம்பும். ரசம் என்றால் மிளகு இல்லாமல். காய்ச்சல் ஏறினால் முன்பு ஒருமுறை ஜன்னி கண்டிருக்கிறது, காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. மழை இரவில் விளக்கை அணைக்க வேண்டாம். தூக்கம் வரும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் காது மடலைப் பிடித்துக்கொள்வாள், இடது காதுதான் வேண்டும், வலது காதைக் கொடுத்தால் அழுவாள். கத்தரிக்கோலை உயரத்தில் வைக்கவும்.