மாஜி ராணுவத்தினரும் மோட்டார் விளம்பரங்களும்

குடியரசு தினமும் சுதந்திர தினமும் நெருங்கினால் மோட்டார் கம்பெனிகளுக்கு ஜவான்களின் நினைவு வந்துவிடுகிறது. எல்லையிலிருந்து ஊர் திரும்பும் வீரருக்கு வணக்கம் சொல்லி, பக்கத்திலேயே தங்கள் வண்டியையும் நிறுத்திப் படம் பிடித்துப் போடுகிறார்கள். இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. 2013 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் இடைவேளை விளம்பரங்களில் ஜீப் கம்பெனி இரண்டு நிமிடப் படம் ஒன்றைக் காட்டியது. போர்முனையிலிருந்து வரவேண்டியவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றிய அந்தப் படத்துக்குக் குரல் கொடுத்தவர் ஓப்ரா வின்ஃப்ரே.

நம் நாட்டில் இந்த வகையில் பெரிதும் பேசப்பட்டது ஒரு மோட்டார் சைக்கிள். அதன் கதை கொச்சிவாசிகளுக்கு அன்னியமானதல்ல. இங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவான புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ந் தேதி கடற்படையில் சேர்ந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய பழைய கப்பல் 1961ல் சேவைக்கு வந்தது. 1971 யுத்தத்தில் வங்கக் கடலிலிருந்து சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கியவை அதன் விமானங்களே. 1997ல் ஓய்வு பெற்று, பம்பாயில் சில காலம் காட்சிசாலையாக நின்று, 2014ல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அந்த இரும்பில் ஒரு பகுதியை வாங்கிய பஜாஜ் கம்பெனி, 2016 தொடக்கத்தில் 'வி' என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பெட்ரோல் டாங்கில் விக்ராந்தின் உலோகம் கலந்திருக்கிறது என்பதுதான் விளம்பரத்தின் சாரம். கப்பலில் பணியாற்றிய மாஜி கடற்படையினரும் விளம்பரப் படங்களில் தோன்றித் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. காயலான் கடைக்குப் போக இருந்த இரும்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது. கிழவர்களின் பேச்சை நாடு கேட்டது. கம்பெனிக்கும் வியாபாரம் நடந்தது.

ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் வெளிவந்த அதே நாட்களில் டில்லி ஜந்தர் மந்தரில் மாஜி ராணுவத்தினர் தர்ணா இருந்து கொண்டிருந்தார்கள். ஒரே பதவி, ஒரே சேவைக்காலம் என்றால், எந்த வருஷம் ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. 2015 ஜூனில் உட்கார்ந்தவர்களை ஆகஸ்ட் 14ந் தேதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், போலீசார் அப்புறப்படுத்த முனைந்தார்கள். மார்பில் மெடல் குத்திய முதியவர்களின் சட்டை இழுபட்டதை நாடு படத்தில் பார்த்தது. செப்டம்பரில் சர்க்கார் திட்டத்தை அறிவித்தது. பென்ஷனை வருஷந்தோறும் சமன் செய்யக் கேட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்றது சர்க்கார். தர்ணா 2017 அக்டோபர் வரை நீடித்தது. 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சர்க்காரின் முறையையே ஏற்றது.

ராணுவப் பென்ஷனின் கஷ்டம் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு உடனே புலப்படாது. குமாஸ்தா 60 வயது வரை நாற்காலியில் இருக்கிறார். சாதாரண ஜவானோ 35லிருந்து 40 வயதுக்குள் வீடு திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெற்றோர் மருந்துச் சீட்டில். இன்னொரு வேலை தேடாமல் அவருக்குக் கழியாது. மத்திய சர்க்காரின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீதமும், பழைய 'டி' பிரிவில் 20 சதவீதமும் மாஜி ராணுவத்தினருக்கு என்று விதி இருக்கிறது. நிரம்பிய இடங்களோ அந்த அளவுக்கு வெகு கீழே. ரயில்வே கேட்டுகளில்கூடப் பல இடங்களில் அவர்களை ஒப்பந்தத்தில்தான் வைத்தார்கள். மிச்சம் பேர் பாங்கு வாசலிலும் கிடங்கு வாசலிலும் காவல் நிற்கிறார்கள்.

மோட்டார் கம்பெனிகள் இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் பதினைந்து வருஷம் லாரி எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர்கள், லடாக் பாதையில் கான்வாய் ஓட்டிய டிரைவர்கள், உதிரிபாக ஸ்டோர் கணக்கு எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வருகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஊருக்கு ஊர் சர்வீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. வணக்கம் செலுத்தும் விளம்பரத்தின் அடியில், சென்ற வருஷம் இத்தனை மாஜி ராணுவத்தினரை மெக்கானிக்காகவும் போர்மேனாகவும் எடுத்தோம், காவல்காரராக இத்தனை பேர் என்று இரண்டு வரி போட்டால் என்ன? விளம்பரச் செலவு ஒரு காசும் கூடாது.

இனி வரப் போகிறவர்களின் நிலை இன்னும் கடினம். 2022 ஜூன் 14ந் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி சேர்ந்தவர்களுக்கு நான்கு வருஷமே சேவை. நூற்றுக்கு 25 பேர் வரை தொடரலாம். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வெளியேற வேண்டும். அதில் அவர்கள் சம்பளத்திலேயே பிடித்த பணமும் அடக்கம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. மாஜி ராணுவத்தினர் என்ற அந்தஸ்தே இல்லாதபடியால், ராணுவ ஆஸ்பத்திரித் திட்டமும் இல்லை. கான்டீன் மூலம் வரிச் சலுகையில் கார் வாங்கும் வசதிகூட அவர்களுக்குக் கிடையாது. விளம்பரத்தில் வீரருக்குப் பக்கத்தில் நிற்கும் கார் இவர்களுக்கு ஷோரூம் விலைக்குத்தான்.

முதல் தொகுதியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். 2026 இறுதியிலிருந்து அவர்களின் கெடு முடிகிறது. திட்டத்தை எதிர்த்து ரயில்கள் கொளுத்தப்பட்ட நாட்களில், 2022 ஜூன் 20ந் தேதி, ஆனந்த் மஹிந்திரா இத்தகைய இளைஞர்களை வேலைக்கு எடுக்கத் தமது நிறுவனம் முன்வருவதாகத் தாமே அறிவித்தார். ராணுவத்தின் ஜீப்பை இந்தியாவில் பொருத்தி விற்று வளர்ந்த நிறுவனம் அது. வேறு யாரும் சொல்லத் தயங்கியபோது சொன்னதைப் பாராட்ட வேண்டும். எத்தனை பேர், எந்த வேலை, என்ன சம்பளம் என்பதையும் அது வெளியிட வேண்டும். மற்ற கம்பெனிகளையும் இதே கேள்வி கேட்கலாம்.

கொச்சியில் குடியிருக்கும் தமிழ் மாஜி ராணுவத்தினர் பலருக்கு ஒரு சிக்கல் உண்டு. பதிவு திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருக்கும், குடும்பம் இங்கே. பதிவை எர்ணாகுளம் மாவட்ட சைனிக் நல அலுவலகத்துக்கு மாற்றிக் கொள்ளலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், அடையாள அட்டை, இருப்பிடச் சான்று ஆகியவற்றுடன் போய், பிள்ளைகளின் கல்வி உதவியையும் வேலைப் பதிவையும் ஒரே நாளில் விசாரித்து வருவது நல்லது.