மாமரத்தை மொட்டை அடிக்கச் சொல்லி ஃபோன் போடும் முன்...

"மரத்துக்கெல்லாமா லேசர்? காசுக் கொழுப்பு!" என் வேலையைச் சொன்னதும் வரும் முதல் பதில் இதுதான். கரமனையிலிருந்தும் வரும், இங்கே மெல்பர்னில் வார இறுதியில் கூடும் நம்ம குடும்பங்களிடமிருந்தும் வரும். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சிரிப்பில் மரங்கள் சாகின்றன. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கோங்க.

மரே ஆற்றுப் பக்கத்து ஒலிவத் தோட்டங்களில் லேசர் ஸ்கேனர் வைத்து மரங்களை அளந்து, எவ்வளவு கவாத்து செய்யலாம் என்று கணக்குச் சொல்வது என் பிழைப்பு. பழைய ஒலிவத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு நூறு மரம் போல இருக்கும். 1990-களில் ஸ்பெயினில் தொடங்கிய நெருக்க நடவில் 1,500-க்கும் மேல், வேலி கட்டின மாதிரி. ஒலிவம் போன வருஷம் விட்ட கிளையில்தான் இந்த வருஷம் காய்க்கும். வெட்டாமல் விட்டால் உள்ளே வெயில் நுழையாது, நிழல் கிளை காய்க்காது. அதிகம் வெட்டினாலோ காய்ப்பை மறந்து வெறும் தழையாகத் தள்ளும். ஆகவே கேள்வி "வெட்டலாமா?" அல்ல. "எங்கே, எவ்வளவு?"

முன்பெல்லாம் டேப்பால் உயரமும் அகலமும் எடுத்து, மரத்தை ஒரு முட்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். மரம் முட்டை இல்லையே! லேசர் துடிப்பு இலையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஸ்கேனர் தூரத்தைக் கணிக்கிறது. ஒளி ஒரு நானோ செகண்டில் 30 செ.மீ. ஓடும். போக, வர என்று இரண்டாகப் பிரித்தால் 15 செ.மீ. இப்படி லட்சக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்தால் மரத்தின் உருவமே வந்துவிடும். எந்தப் பக்கம் தழை அடர்த்தி, கவாத்துக்கு முன் எத்தனை கன மீட்டர், பின் எத்தனை, எல்லாம் தெரியும். ஸ்பெயினில் லேய்தா, கோர்தோபா ஆய்வாளர்கள் ஒலிவத்தையே இப்படி அளந்து எழுதியிருக்கிறார்கள். எந்தக் கிளையை வெட்டணும் என்று லேசர் சொல்லாது. அது கத்தி பிடிப்பவரின் கண். எவ்வளவு போச்சு என்பதை மட்டும் பொய் சொல்லாமல் சொல்லும்.

இப்போ கரமனைக்கு வருவோம். இடவப்பாதிக்கு முன்னால் 'டச்சிங் வெட்டு' என்று கரண்ட் கம்பிப் பக்கம் இருக்கும் பாதி மரம் காணாமல் போகும். லைன்மேனைத் திட்டவில்லை, கம்பியைக் காப்பதுதான் அவர் வேலை. ஆனால் எடையெல்லாம் மறுபக்கம் சேர்ந்து மரம் சாய்ந்து நிற்கும். ஜூன் காற்றில் ஒரு கொம்பு விழுந்தால் "மரம் ஆபத்து" என்று அடியோடு தீர்ப்பு.

அதைவிட மோசம் நாம்தான். வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாமா, "மாமரம் ஓட்டு மேல சாயறதுடா" என்கிறார். "மொட்டை அடிச்சிடச் சொல்லுங்கோ மாமா, பணம் அனுப்பிடறேன்." இரண்டே நிமிஷம். மொட்டை அடித்த மரம் சேமிப்பையெல்லாம் கொட்டிக் கொத்துக் கொத்தாகத் தளிர் விடும். அவை மேலோட்டமாக ஒட்டியவை. பெருத்ததும் காற்றில் முதலில் முறிவது அவைதான். வெட்டுவாய் வழியே அழுகல் இறங்கும். மா பூப்பது முற்றிய கிளை நுனியில். நுனியைத்தான் எடுத்தாச்சே! ஆபத்தைக் குறைக்கப் பணம் கொடுத்து ஆபத்தை வளர்க்கிறோம்.

"நம்ம ஊருக்குக் கட்டுப்படியாகுமா?" என்பீர்கள். 2019 டிசம்பர் கடைசியில், திருவனந்தபுரம் – காசர்கோடு சில்வர்லைன் ரயில் திட்டத்துக்காக விமானத்தில் லேசர் கட்டி அளக்க ஆரம்பித்தார்கள். ரயிலுக்கு முடிந்தது. மரத்துக்கு என்றால் மட்டும் ஆடம்பரமா? 2020-ல் வந்த ஐஃபோன் 12 ப்ரோவிலேயே குட்டி ஸ்கேனர் உண்டு. சுமார் 5 மீட்டர்தான் எட்டும். உச்சி கிடைக்காது, அடிமரமும் சாய்வும் கிடைக்கும். அதுவும் இல்லையா? மரத்தடியில் அளவு தெரிந்த ஒரு கம்பை நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து வெட்டும் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு பருவத்தில் கால் பங்கு தழைக்கு மேல் எடுக்காதே என்பது மரம் பார்ப்பவர்களின் பொது விதி. கால் பங்கு எது என்று தெரிய, முழுசு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? எந்தக் கிளை, எவ்வளவு, எதற்கு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். சந்தேகம் என்றால் 1955-லிருந்து வெள்ளாயணியில் விவசாயக் கல்லூரி இருக்கிறது, கூப்பிடு தூரம்தான்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க சதுர அடி கேட்டு மூன்று கொட்டேஷன் வாங்குகிறோம். தாத்தா நட்ட மரத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை. என்னைத் திட்டணுமா, தாராளமாகத் திட்டுங்க. ஆனால் முதல்ல மரத்தை அளந்துட்டு வாங்க.