மறைக்கப்படும் துன்பம்

பனையினின்று வீழ்ந்தோ வீதி விபத்திலோ முண்ணாண் ஊறுபட்டோரைக் காணும் நாம், அவர்தம் செயலிழந்த கால்களுக்கே இரங்குகின்றோம். நாடோறும் அவர்களை வருத்துவது சிறுநீர்ப்பை என்பதை அறியோம். அவர்களும் நாணத்தாற் கூறார். மூளைக்கும் சிறுநீர்ப்பைக்குமிடையே செய்தி அறுபடுவதால், பலருக்கு அது நிறைவதும் தெரியாது. அடக்கலும் வெளியேற்றலும் இயலா. தேங்கிய நீர் நோய்க்கிருமிகளை வளர்த்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலாம் உலகப்போரில் இவ்வூறு பெற்றோருட் பெரும்பாலார் மாண்டமைக்கு இது தலையாய காரணங்களுள் ஒன்று. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில்லில் வைத்தியர் குட்மன் இந்நிலையை மாற்றத் தொடங்கினார். 1972இல் அமெரிக்க வைத்தியர் லப்பிடெஸ், நோயாளர் தாமே தூய மெல்லிய குழாயை இட்டு நீரகற்றும் முறையை வெளியிட்டார். நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கொருமுறை இதனைச் செய்து இன்று பலர் நீடு வாழ்கின்றனர்.

ஆயின் அதற்குக் கைகழுவ நீரும், சக்கர நாற்காலி புகத்தக்க மலசலகூடமும் வேண்டும். அவை இல்லாவிடத்து அவர்கள் நீரருந்தாதிருந்து நோயைப் பெருக்குவர். அன்றேல் வீட்டிலேயே முடங்குவர். பொதுக்கட்டடங்களில் இவ்வசதி வேண்டுமென 2006ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்ப விழையும் பழைய மாணவர்காள்! அலங்கார வாயிலுக்கு முன் அத்தகைய மலசலகூடம் ஒன்றை அமையுங்கள். கல்லூரி அன்னை தன் மைந்தர் எவரையும் வாயிலில் நிறுத்தலாகாது.