கோட்டைக்குக் கல் நாட்டினால்

கோட்டை கொத்தளம் இருந்த இடங்களில் சாலையோரம் கல் நாட்டுவது சர்க்கார்களுக்குப் பிரியமான வேலை. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் கோட்டைக்கும் நாளை ஒன்று நாட்டலாம். நாட்டட்டும். அதில் எதை எழுதப் போகிறார்கள்? கவர்னர் டூமாவின் பெயரையும் 1739 என்ற ஆண்டையும் மட்டுமா?

அன்று காரைக்காலும் நமது கூத்தாநல்லூரும் ஒரே தஞ்சை ராஜ்யம். சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்ட சாகுஜி, பிரெஞ்சுக்காரர் உதவிக்கு விலையாக 1738-ல் காரைக்காலைத் தருவதாகச் சொன்னான். சிம்மாசனம் கிடைத்ததும் கையை விரித்தான். 1739 பிப்ரவரியில் சந்தா சாகிப்பின் படை அதைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தது. கருக்களாச்சேரிக் கோட்டையும் கிராமங்களும் அதோடு போயின. உழுதவனை எவன் கேட்டான்? நெல்லும் துணியும் கம்பெனிக்கு வேண்டியிருந்தன, அவ்வளவுதான். 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டைப் பெருமை 21 ஆண்டோடு சரி!

ஊர் பிறகு மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கே போயிற்று. 19-ம் நூற்றாண்டில் நம் பக்கத்து ஏழைகளைக் காரைக்காலில் கப்பலேற்றி, ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பியது அந்த ஆட்சி. 1936 ஜூலை 30-ல், புதுச்சேரியில் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே ஆட்சிதான். 1954 நவம்பர் 1-ல் அது தொலைந்தது.

கல் நாட்டும் பேச்சு எழுந்தால் கூத்தாநல்லூர் வட்டாரத் தோழர்கள் காரைக்கால் விவசாயத் தொழிலாளரோடு சேர்ந்து மனுக் கொடுக்கவேண்டும். விற்கப்பட்ட கிராமங்களும், கப்பலேற்றப்பட்ட கூலிகளும், சுடப்பட்ட 12 பேரும் அக்கல்லில் தமிழில் ஏறவேண்டும். டூமாவின் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும்.